ஆறு போய்வரும் நேரம்

மூங்கில்மடுவு என்ற ஊரில் காவிரி முதன்முதலாகக் காணாமல் போனது ஒரு தை மாதத்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது பச்சையம்மாள் கரையோரக் கல்லில் ஒரு பாவாடையைத் துவைத்து, அலசுவதற்காகத் தண்ணீரில் வீசினாள், வீசியது தண்ணீரில் விழாமல் பாறையில் சொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஐயனார் பாறையிலிருந்து புளியமரத்துறை வரைக்கும் முன்னூறு மீட்டருக்கு ஆறு இல்லை. பாறைக்கு மேலே தண்ணீர், ரேஷன் கடை வரிசையில் நிற்பதைப் போலப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. புளியமரத்துக்குக் கீழே இருந்த தண்ணீர் தன்பாட்டுக்கு மேட்டூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பாறையும் பாசியும், வாயைத் திறந்து திறந்து மூடும் நான்கைந்து கெளுத்தி மீன்களும்தான். அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டு நிற்க, இரண்டு நிமிடம் ஒரு நொடி கழித்து ஆறு திரும்பி வந்தது. பச்சையம்மாள் பாவாடையை அலசிப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்ட பிறகுதான் திரும்ப ஓடிவந்து ஆறு இருக்கிறதா என்று பார்த்தாள்.

சாயங்காலம் மகள் போனில் பேசினாள். மகள் மாதேஸ்வரிக்கு அப்போது பதினாறு வயது. குன்னூர்க்காரி எஸ்தர் மேடம் என்கிற பயிற்சியாளர், ஆடிப்பெருக்கு வேடிக்கை பார்க்க வந்த இடத்தில், வெள்ளத்தில் பரிசலை முட்டி போட்டு ஒற்றைத் துடுப்பால் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, படிக்கவும் வைக்கிறேன் படகுப் பந்தயத்துக்கும் பழக்குகிறேன் என்று அழைத்துப் போயிருந்தாள். அன்றைக்கு மத்தியப் பிரதேசத்தில் மாதேஸ்வரிக்கு முதல் பந்தயம். சுழித்து ஓடுகிற தண்ணீருக்கு மேலே கம்பி கட்டி, கம்பியில் ஜோடி ஜோடியாகக் குச்சிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சைக் குச்சி ஜோடிக்குள் நீரோட்டத்தோடு போக வேண்டும், சிவப்புக் குச்சி ஜோடிக்குள் நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும், எதையும் இடிக்காமல் கீழே போய்ச் சேர வேண்டும்.

"எவ்ளோ நேரத்துல முடிச்சே?"

"நூத்தி இருபத்தோரு செகண்டும்மா. ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணி நம்ம ஊரு வாசனை அடிச்சுது. கெளுத்தி ஒண்ணு படகுக்குள்ளயே எகிறி விழுந்துச்சு."

இரண்டு நிமிடமும் ஒரு நொடியும் சேர்ந்தால் நூற்று இருபத்தொன்று என்பதைக் கணக்குப் போடப் பச்சையம்மாளுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

அடுத்த பந்தயத்துக்கும் ஆறு போயிற்று, அதற்கடுத்ததற்கும் போயிற்று, மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊர் அதை மின்வெட்டைப் போல எடுத்துக்கொண்டது. மைக்செட் கோவிந்தராஜ் முந்தின நாளே குழாயில் அறிவிப்பான்: "நாளைக்கு மதியம் மூணே காலுக்கு ஆறு இருக்காதுங்க, எருமையை எறக்கினவங்க ஏத்திக்குங்க, பரிசல்காரங்க கரை ஒதுங்குங்க, சோப்பு போட்டுக்கிட்டு நின்னா நிர்வாகம் பொறுப்பில்லீங்க." ஒரு அரசாங்க இன்ஜினியர் அளவுகோலோடு வந்து, கண்ணால் பார்த்து, 'தற்காலிக நீர்வரத்துக் குறைவு' என்று எழுதிக்கொண்டு, மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போன பித்தளைக் குடம் கிடைத்தது. ஓரகத்திதான் எடுத்துவிட்டாள் என்று ஒன்பது வருடம் பேசாமல் இருந்த கண்ணம்மாவின் கொலுசு இரண்டு கல்லுக்கு நடுவில் கிடைத்து, அந்த இரண்டு பெண்களும் அன்றைக்கே ஒரே அடுப்பில் பொங்கி வைத்து அழுதார்கள். அக்கரை ஊர் மாப்பிள்ளை வீட்டார் ஒரு அரையிறுதி நேரம் பார்த்து, மேளக்காரர்களை முன்னால் விட்டு, மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, தட்டு வரிசையோடு நடந்தே ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஓடிக்கொண்டே வாசித்ததில் சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. வெளிநாட்டுப் பந்தயங்கள் ஆரம்பித்த பிறகு ஆறு திரும்பும்போது பல் கிட்டுகிற குளிராக வந்தது, ஊசி ஊசியாக ஏதோ மரத்து இலைகளைக் கொண்டுவந்தது, ஒருமுறை யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துள்ள ஒரு தொப்பியைக் கரையில் போட்டது. அந்தத் தொப்பியைக் கோவிந்தராஜ் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் இப்படி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிறந்த வீட்டுப் பெண் வெளியூரில் கஷ்டப்படும்போது தாய் ஒரு நடை போய்விட்டு வருவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் பச்சையம்மாளுக்கு அந்த நேரம் குடத்துக்கும் கொலுசுக்குமான நேரம் இல்லை.

முதல் பந்தயத்துக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி வெள்ளத்தில், ஆட்டுக்காரன் சென்னய்யனும் அவன் ஆடுகளும் அக்கரை மேட்டில் மாட்டிக்கொண்டபோது, பச்சையம்மாளின் புருஷன் மாதப்பன் ஏழு நடை பரிசல் போட்டு ஆளையும் நாற்பது ஆட்டையும் கொண்டுவந்து சேர்த்தான். ஒரு குட்டி மட்டும் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. சென்னய்யன் தலையில் அடித்துக்கொண்டு அழ, "இரு, வந்துடறேன்" என்று மாதப்பன் எட்டாவது நடை போனான். குட்டி நீந்திக் கரையேறியது. மாதப்பன் ஏறவில்லை. மூன்று நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அந்த மடுவில் கோடையிலும் இரண்டு ஆள் ஆழம் நிற்கும்.

பரிசல்காரர்கள் ஊரில் உடம்பு கிடைக்காதவன் செத்தவன் இல்லை. 'அக்கரை போயிருக்கார்' என்றுதான் சொல்ல வேண்டும். அவனுக்குக் காரியம் செய்யக்கூடாது, அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றக்கூடாது, மூன்று வேளையும் அவனுக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும், அந்த வீட்டில் நல்லது ஒன்றும் நடக்கக்கூடாது. தண்ணீரில் போனவனை முதலில் தொடுவது வீட்டுக் கையாக இருக்க வேண்டும். வேற்றுக் கை தொட்டால் போனவன் தொட்டவர் வீட்டுக்கே குடிவந்துவிடுவான் என்பார்கள். பச்சையம்மாள் பொட்டும் பூவுமாகத் தட்டு வைத்து, அந்தத் தட்டுச் சோற்றைக் காக்கைக்கும் போட முடியாமல் தானே தின்று, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நாளைக் கழித்தாள்.

அதனால் ஆறு போகிற நேரமெல்லாம் அவள் இறங்கினாள். கையில் ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா, தேடி முடித்த பாறைக்கு ஒரு கோடு. பாறை என்றால் ஒன்றா இரண்டா, ஒவ்வொன்றும் அடியில் குடைந்து, சந்து வைத்து, பொந்து வைத்துக் கிடக்கிறது. ஒரு பந்தயத்துக்கு ஒரு பாறை, கால் வழுக்காத நாளில் இரண்டு. ஊர்க்காரர்கள் அவள் இறங்குகிற பக்கம் வராமல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். வாங்க என்று அவள் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று அவர்களும் கேட்கவில்லை. வழக்கம் அப்படி.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாதேஸ்வரி தேறிக்கொண்டே வந்தாள். நூற்று இருபத்தொன்று நூற்றுப் பத்தாயிற்று, நூற்று மூன்றாயிற்று. பேப்பரில் போட்டோ வந்தது, மாநிலம் என்றார்கள், தேசம் என்றார்கள், ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. பச்சையம்மாளும் மிட்டாய் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே, இந்தப் பெண் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன என்று ஒரு எண்ணம் வந்து, வந்த எண்ணத்துக்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மகள் ஜெயிக்க ஜெயிக்கத் தாய்க்கு நேரம் குறைந்தது.

பிறகு, எந்தச் சாமி இரங்கியதோ, நேரம் கூடத் தொடங்கியது. கோவிந்தராஜ் போனில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே குழாயில் நொடியை எண்ணுவான். திரையில் மகளின் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறியும் 2 என்றும் 4 என்றும் வரும், வந்தால் ஆறு அத்தனை நொடி தாமதமாகத் திரும்பும். அந்தக் கூட்டல் எண் ஏதோ கெட்டிக்காரத்தனத்துக்குக் கொடுக்கிற உபரி மார்க் என்று ஊர் முடிவு செய்தது. பின்னே, கூட்டல் என்றால் நல்லதுதானே? 6 என்று வந்தால் விசில் அடித்தார்கள், 8 வந்தால் பட்டாசு. ஆசியப் போட்டி ஒன்றில் 12 வந்தது. இதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை என்று பஸ் நிறுத்தத்திலிருந்து பம்பை உடுக்கையோடு ஊர்வலம் வைத்து, மாதேஸ்வரிக்கு ஆளுயர மாலை போட்டார்கள். அவளோடு வந்திறங்கிய எஸ்தர் மேடம் மாலையைப் பார்த்தாள், பட்டாசைப் பார்த்தாள், 'பன்னிரண்டு எடுத்த பரிசல்குல விளக்கே' என்ற பேனரைப் பார்த்துவிட்டு, பச்சையம்மாளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இவ பத்தொன்பதாவது வந்திருக்கா. எதுக்கு மாலை?"

"பன்னெண்டு வாங்கியிருக்காளே மேடம்."

"அது தண்டம்மா! குச்சியை ஒரு தடவை தொட்டா ரெண்டு செகண்டு தண்டம். ஆறு குச்சியைத் தொட்டிருக்கா. தொடாம வந்திருந்தா மூணாவது வந்திருப்பா. இந்தப் பொண்ணு நுழையற வேகத்துல அந்தக் குச்சியில நூல் கட்டியிருந்தாலும் அசையாது. ரெண்டு வருஷமா பாக்கறேன், வேணும்னே கையை நீட்டித் தொடறா. ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறா. அடுத்தது உலகக் கோப்பை. அதுலயும் இப்படித்தான்னா இவளை டீம்ல இருந்து எடுத்துடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பச்சையம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். களி அடிப்பிடித்தது. இரண்டு வருடமாகச் சாமி கொடுக்கிறது என்று நினைத்த நொடிகளை யார் கொடுத்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

மேளம் ஓய்ந்து எல்லோரும் போன பிறகு மகளுக்குக் களி போட்டாள், மாதப்பன் தட்டிலும் போட்டாள்.

"ஏன்டி தொட்டே?"

மாதேஸ்வரி அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவின் தட்டைப் பார்த்தாள். "நீ ஏதாவது பாறைக்கு அடியில தலையை விட்டுக்கிட்டு இருப்பேன்னு நெனப்பு வரும்மா. இன்னும் ரெண்டு செகண்டு இருந்தா கையை உள்ள விட்டுப் பாத்திருப்பியேன்னு தோணும். கை தானா போயிடும்."

"உன் பொழப்பைக் கெடுத்து எனக்கு நேரம் வேணாம். இனி நான் எறங்கவே மாட்டேன். கரையில உக்காந்துக்கறேன். நீ நேரா போ."

"நீ எறங்காட்டியும் தொடுவேன்."

"அறைஞ்சேன்னா!"

"அறை. அவரு உனக்கு மட்டுமா போனாரு? எனக்கும் அப்பா வேணும்மா. ஒரு எலும்பாவது வேணும். இந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைக்கற நாள் ஒண்ணு வேணும்."

இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்துச் சாப்பிட்டார்கள், ஏனென்றால் களி ஆறினால் தொண்டையில் இறங்காது.

மகள் விமானம் ஏறிய பிறகு பச்சையம்மாள் மூன்று நாள் கரையில் உட்கார்ந்து பாறைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கோடு போட்டது எழுபத்தொன்று. போடாதது இருநூறுக்கு மேல் இருக்கும். மகளுக்குக் கிழவயதாகும் வரை தொட்டுக்கொண்டே இருந்தாலும் முடியாது. நான்காம் நாள் காலை எழுந்து, பன்னிரண்டு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். மைக்செட் கடைக்குப் போய், "தம்பி, அந்தக் குழாயை இப்படிக் கொடு" என்று வாங்கிக்கொண்டாள்.

"நான் மாதப்பன் பொண்டாட்டி பேசறேன். ஞாயித்துக்கிழமை மதியம் மூணரைக்கு எம்பொண்ணு உலகக் கோப்பை ஃபைனல்ல எறங்கறா. எனக்கு ஒருத்திக்குத் தொண்ணூத்திச் சொச்சம் செகண்டுதான். ஆனா ஊருக்கே எவ்ளோன்னு நீங்களே பாத்துக்குங்க. வேத்துக் கை தொடக்கூடாதுன்னுதான் வழக்கம். வேத்துக் கண்ணு பாக்கக்கூடாதுன்னு எவனும் சொல்லலையே. நீங்க பாருங்க. பாத்தா கூப்பிடுங்க. தொடறது நான் தொட்டுக்கறேன். வாங்க."

குழாய் கொர்ரென்று இரைந்துவிட்டு அடங்கியது. கடை வாசலில் முதலில் வந்து நின்றது ஆட்டுக்காரன் சென்னய்யன். பன்னிரண்டு வருடமாக அவளைக் கண்டால் ஆட்டை வேறு பாதையில் ஓட்டிக்கொண்டு போகிறவன்.

"அக்கா, நீ எப்பக் கூப்பிடுவேன்னு இருந்தேன்" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

அன்றைக்கே அவள் மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஊரே எறங்குது. ஊர் கூடித் தேர் இழுக்கற மாதிரி இழுத்துடுவோம். உன் ரெண்டு செகண்டு எங்களுக்கு வேண்டாம். நீ ஒரு குச்சியைத் தொட்டேன்னு தெரிஞ்சா வீட்டுப் பக்கம் வராதே."

ஞாயிற்றுக்கிழமை மூன்று இருபதுக்கு, ஐயனார் பாறையிலிருந்து புளியமரம் வரை இரண்டு கரையிலும் ஆட்கள் நின்றார்கள். நாற்று நடுகிற பெண்கள் தங்களுக்குள் முனை பிரித்துக்கொள்வதைப் போல ஆளுக்கு ஒரு கஜம் பிரித்துக்கொண்டு, முந்தானையைச் செருகி, லுங்கியை மடித்து, முன்னூற்று நாற்பது பேர். நீச்சல் தெரியாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கயிறு பிடித்துக்கொண்டு கரையில். கண்ணம்மாவும் அவள் ஓரகத்தியும் கைகோத்து நின்றார்கள். கோவிந்தராஜ் அந்தத் தொப்பியோடு மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"பொண்ணு வந்துட்டாங்க... துடுப்பைக் கண்ணுல ஒத்திக்கறாங்க... மணி அடிச்சாச்சு!"

ஆறு எழுந்து போயிற்று. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள், இறங்கி, குனிந்து, ஒரு சத்தம் இல்லை, சந்து சந்தாக, பொந்து பொந்தாக, முன்னூற்று நாற்பது ஜோடிக் கண்கள் அந்த மடுவின் அடிவயிற்றைத் துழாவ, மேலே குழாய் மட்டும் பேசியது: "பத்து... மூணாம் குச்சி, சுத்தம். இருபது... ஏழாம் குச்சி, சுத்தம். முப்பது..."

"சுத்தம்" என்று குழாய் சொன்ன ஒவ்வொரு முறையும் பச்சையம்மாளுக்கு நெஞ்சு ஒரு படி ஏறியது.

நாற்பத்தொன்றில் சென்னய்யன் கத்தினான். "அக்கா! இங்க! இங்க வாக்கா!"

அவள் பாசியில் இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினாள். கூட்டம் வழிவிட்டது. மடுவின் நட்ட நடுவில், இரண்டு பாறை தலையோடு தலை சாய்ந்து நின்ற இடத்தில், மாதப்பனின் துடுப்பு நட்டுக்குத்தாக நின்றது. அதன் அடியில் மணலில் அரைவாசி புதைந்து மாதப்பன் இருந்தான், வலது கை எலும்பில், எப்போதும் போட்டிருந்த அந்தச் செப்புக் காப்போடு. பச்சையம்மாள் முட்டி போட்டு அந்தக் காப்பைத் தொட்டாள். "வந்துட்டேன்" என்றாள். சொன்னது அவளா அவனா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

புடவையின் முந்தானையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கால் எலும்பு ஒன்று கல்லுக்கடியில் சிக்கியிருந்தது. கல்லைத் தொடக்கூடாது என்று வழக்கத்தில் இல்லை. பதினாறு பேர் தோள் கொடுத்தார்கள்.

"எண்பது... இருபதாம் குச்சி, சுத்தம்! எல்லாரும் ஏறுங்க! எண்பத்தஞ்சு! யக்கா, ஏறுங்க!"

மற்றவர்கள் எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். கல் நகரவும் எலும்பு வரவும் எண்பத்தெட்டு. தோள் கொடுத்தவர்கள் சிதறி ஓடினார்கள். முந்தானையை நெஞ்சோடு முடிந்துகொண்டு அவள் ஓட, பின்னால் சென்னய்யன் துடுப்பைத் தொடாமல் தன் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓட, கரை இன்னும் இருபது அடி. "தொண்ணூத்தி ரெண்டு... கடைசிக் குச்சி..." ஐயனார் பாறைக்கு மேலே தண்ணீர் முதுகை நிமிர்த்தியது. "தொண்ணூத்தி நாலு! முடிச்சுட்டாங்க!"

தண்ணீர் வரவில்லை.

"ஐயையோ, ரெண்டு போட்டுட்டானுங்களே! கடைசிக் குச்சியில ரெண்டு போட்டுட்டானுங்க!" என்று கோவிந்தராஜ் மரத்தில் அலற, அந்த இரண்டு நொடியில் கரையிலிருந்த முப்பது கை நீண்டு பச்சையம்மாளையும் சென்னய்யனையும் தூக்கி மேலே போட்டது. அவர்கள் பாதத்தை நனைத்துக்கொண்டு ஆறு குளிரக் குளிர வந்து சேர்ந்தது.

அவள் கரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே மகளைத்தான் திட்டினாள். "தொடாதேன்னு சொன்னேனே, பாவி. கடைசியில கெடுத்துட்டாளே." அப்போது குழாய் மறுபடி கரகரத்தது. கோவிந்தராஜ் அழுதுகொண்டே சொன்னான். கடைசிக் குச்சி அசைந்தது காற்றிலாம், அங்கே நின்ற நடுவர் அம்மாள் தொட்டதாக நினைத்து இரண்டு விரலைக் காட்டிவிட்டாளாம், எஸ்தர் மேடம் சண்டை பிடித்து வீடியோவைப் போட்டுப் பார்த்ததில், குச்சிக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு விரல்கடை வெளிச்சம் தெரிந்ததாம், தண்டம் ரத்து. மூங்கில்மடுவு மாதப்பன் மகள் மாதேஸ்வரி உலகத்தில் முதலாவது.

பட்டாசு இருந்தது. ஆனால் யாரும் கொளுத்தவில்லை. முதலில் மாதப்பனுக்கு விளக்கு ஏற்றினார்கள். மகள் வந்த பிறகு முறைப்படி காரியம் செய்து, பதினாறாம் நாள் மாதேஸ்வரி அந்தத் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தாள். பட்டாசை அதற்கு அடுத்த நாள் கொளுத்தினார்கள், கோவிந்தராஜின் தொப்பியில் ஓட்டை விழுகிற அளவுக்கு.

பெயர் தெரியாத அந்த நடுவர் அம்மாளுக்கு, ஆடிப்பெருக்கு தோறும் புளியமரத்துறையில் ஒரு தேங்காய் உடைக்கிறார்கள். தப்பாகப் பார்த்த கண்ணுக்குத் தேங்காய் உடைக்கிற ஊர் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

மாதேஸ்வரி இன்னும் பந்தயத்துக்குப் போகிறாள், ஆறும் கூடவே போய்வருகிறது. பச்சையம்மாள் இறங்குவதில்லை. கரைக்கல்லில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஒரு காலத்தில் இரண்டு நொடிக்கு ஏங்கியவள், இப்போது தொண்ணூறு தாண்டினாலே வாய் ஓயாமல் கத்துகிறாள்: "என்னாடி பண்றே இவ்ளோ நேரம்? வாடி, சீக்கிரம் வா!" தூரதேசத்துக் குளிரோடு தண்ணீர் வந்து அவள் கால் விரலைத் தொட்டதும் கோவிந்தராஜைத் திரும்பிப் பார்க்கிறாள், அவன் நொடியைச் சொல்கிறான், போன தடவையைவிடக் குறைவு என்றால் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போகிறாள்.